மரியாதை தெரிந்த அசுரன்

மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டுக் கோஷ்டி உண்டு என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். மறைக்கவில்லை. பையனுக்கு நல்ல வேலை, கிதாரும் வாசிப்பான் என்றார்கள். கிதார்தானே, மெல்லிசைக் கச்சேரியில் ஓரமாக நின்று வாசிப்பார்களே, அந்த மாதிரி இருக்கும் என்று தலையாட்டினேன். அது பவர் மெட்டல் என்று ஒரு வகை, அதில் வாளும் நெருப்பும் பறக்கும், பாடுகிறவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற உச்சத்தில் பாடுவார் என்பதெல்லாம் தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோஷ்டி வெளியிட்ட முதல் ஆல்பத்தில் அசுரனாகப் பேசியிருப்பது நான்தான். இது எப்படி நடந்தது என்று கோயிலில் ஆளுக்கொரு தடவை கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டு போவதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் முதலாளி என் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார். பட்டு முதல் மாடி, சுடிதார் இரண்டாம் மாடி, குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று காலை முதல் சொல்லிக்கொண்டே இருப்பேன். கரண்ட் போனாலும் என் குரல் பஸ் நிறுத்தம் வரை கேட்கும் என்று கடைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். படிப்பு, சொத்து என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முருகன் கொடுத்தது இந்தத் தொண்டை.

அதை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிற இடம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற முருகன் கோயில். திருவிழா நாட்களில் அங்கே மைக் என் பொறுப்பு. காணாமல் போன குழந்தை, ஓரமாக நிறுத்தாத ஸ்கூட்டர், அன்னதானம் எத்தனை மணிக்கு, எல்லாம் நான்தான் சொல்வேன். ஆனால் வருஷத்தில் ஒரு சாயங்காலம் இருக்கிறது, சூரசம்ஹாரம். தெருவில் ஒரு பக்கம் முருகன், எதிரே தலை மாற்றி மாற்றி வருகிற சூரன், நடுவில் ஜனக்கடல். நான் மைக்கைப் பிடித்து, இதோ பெருமான் வேலை எடுக்கிறார் என்று சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்துவிடும். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மீதி வருஷம் முழுக்க நான் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன்.

அந்த மைக்குக்கு ஆசைப்படுகிறவர் இன்னொருவரும் உண்டு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். நல்ல மனுஷர்தான். ஆனால் நான் லேசாக இருமினால்கூட மைக்குக்குக் கை நீட்டிவிடுவார்.

போன வருஷம் தலை தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் முதல் நாளே வந்துவிட்டார்கள். காலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லி, லேகியம் கொடுத்து, புது வேட்டி கட்டிச் சாமி கும்பிட்டு முடிந்ததும், மோதிரப் பெட்டியை எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, இது இருக்கட்டும். இன்னொண்ணு கேட்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

தலை தீபாவளியில் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு, மாமனார் முடியாது என்று சொன்னதாக எங்கள் சொந்தத்தில் பேச்சே கிடையாது. பைக் கேட்கப் போகிறார் என்று நினைத்து என் மனைவி சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். எனக்கு லேகியம் கொடுத்த தைரியம்.

"கேளுங்க மாப்ளே. சாமி முன்னால சொல்லுதேன், தந்துருதேன்."

"உங்க குரல் வேணும் மாமா."

மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை விளக்கினார். கோஷ்டியில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி ஞாயிறுகளில் கூடிக் கூடிப் பல வருஷமாக ஒரு ஆல்பம் செய்திருக்கிறார்கள். ஆல்பம் முழுக்க ஒரே கதை. கடலுக்கு அடியில் கோட்டை கட்டிய ஓர் அசுரன், உலகத்து வெளிச்சத்தை எல்லாம் திருடிக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கிறான். கையில் ஒரே ஒரு ஈட்டியோடு ஒருவன் கிளம்பிப் போய் அதை மீட்கிறான். எந்தப் புராணத்திலும் இல்லாத கதை, மாப்பிள்ளை தானே கட்டியது. பாட்டெல்லாம் இங்கிலீஷ். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அசுரன் பேசுவான், அது மட்டும் தமிழ்.

"ஏன் மாப்பிள்ளை," என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள், "நல்லவன் இங்கிலீஷ் பேசுவான், கெட்டவன் மட்டும் தமிழ் பேசுவானோ?"

மாப்பிள்ளை முகம் சிவந்துவிட்டது. "இல்ல அத்தை, தமிழ்ல மிரட்டினாத்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது.

போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். வெளியே தெருவில் சரவெடி, உள்ளே இது. எது முடிந்தது, எது ஓடுகிறது என்று எனக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு காலாலும் மிதிக்கிறாராம். எங்கள் கடை மாடியில் ரவிக்கை தைக்கிற பிள்ளைகள் பண்டிகைக்கு முதல் நாள் எல்லா மிஷினையும் ஒன்றாக ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஓடுகிறது. அதன் மேல் இரண்டு கிதார். ஒன்று போகிற வழியிலேயே இன்னொன்று கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, இரட்டை நாயனம் மாதிரி. கல்யாண ஆர்கெஸ்ட்ராவின் வயலின்கள் எல்லாவற்றையும் ஒரு கீபோர்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். பாடுகிறவரோ தெருவில் நின்று மொட்டை மாடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற உச்சத்தில் பாடுகிறார், ஆனால் சுருதி விலகவில்லை. பல்லவி வரும்போது பெரிய சேனையே ‘ஓ’ என்று கூடவே பாடுகிறது. அந்தச் சேனை மொத்தமும் இவர்கள் ஐந்து பேர்தான், திரும்பத் திரும்பப் பாடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது என்றார் மாப்பிள்ளை. கடைசித் தடவை பல்லவி வரும்போது சுருதியையே ஒரு படி மேலே தூக்கிவிட்டார்கள். பஜனையில் முடிக்கிற நேரத்தில் நாங்களும் இதைச் செய்வோம். என் கை தன்னால் தொடையைத் தட்டிவிட்டது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

"கடைசியில யாரு ஜெயிப்பா?" என்று கேட்டேன்.

"இந்த மியூசிக்ல எப்பவுமே நல்லவன்தான் மாமா. வேற வகைல அழுவாங்க, திட்டுவாங்க. இதுல வெளிச்சம் ஜெயிச்சே ஆகணும்."

அப்படியானால் சரி என்று ஒப்புக்கொண்டேன். பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தேன். ஒலிப்பதிவு செய்து எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கித் தருகிறவர் ஒரு வாரத்தில் வெளிநாடு போகிறார். அதற்குள் பேசியாக வேண்டும். அந்த வாரம்தான் கந்த சஷ்டி. காப்புக் கட்டி, ஒரு வேளை பாலும் பழமுமாக நான் விரதம் இருக்கிற வாரம். முருகன் பேரைத் தவிர வேறு பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வாரத்தில், நான் அடையாறுக்குப் போய் அசுரனாகக் கத்த வேண்டும். செய்தி கோயிலுக்குப் போனால் மைக் என்ன ஆகும்? ஆனால் சாமி முன்னால் சொல்லிவிட்டேனே.

பயிற்சிக்கு வீட்டில் இடம் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துப் பார்த்தேன். அசுரச் சிரிப்பு லேசில் வராது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். கீழ் வீட்டு அம்மா, அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியலையா என்று கேட்டு அனுப்பினார். என் மனைவி, "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? இவர் குறட்டையை எடுத்துக்கிடச் சொல்லு, அசுரன் ரெடி," என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அடையாறில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது அந்த ஸ்டூடியோ. கருப்புப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை, மற்றவர்கள் உட்காருகிற பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. பட்டை பட்டையாக விபூதி பூசி, கையில் காப்போடு போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே சாமி படம் எங்கே என்று தேடினேன். படம் இல்லை. மனதுக்குள்ளேயே பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டேன். டிரம்ஸ் வாசிப்பவர் வந்து கை கொடுத்தார். பட்டினப்பாக்கத்துப் பிள்ளை, பேச்சு சுத்த மெட்ராஸ். என்னைப் பார்த்த நிமிஷத்திலிருந்து நைனா.

பேச வேண்டியதைக் கொடுத்தார்கள். மானிடா, வா. உன் வீட்டு விளக்கை அணைக்கிறேன். உன் களஞ்சியத்தில் இனி நெல் இல்லை, உன் கிணற்றில் நீர் இல்லை. போ, போய்ச் சாம்பலில் உட்கார். இவ்வளவுதான் முதல் துண்டு. ஹெட்ஃபோனில் பின்னணி வாசிப்பு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சை நிறைத்து, முழுமூச்சாகப் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முகமும் சரியில்லை.

"இன்னா நைனா," என்றார் டிரம்ஸ்காரர், "அசுரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கிற மாரி கீது."

போட்டுக் காட்டினார்கள். என் குரல் இடி மாதிரிதான் இருந்தது. ஆனால் அது சொன்னது வேறு. மானிடரே, வாங்க. உங்க வீட்டு விளக்கை மலையேத்துதேன். களஞ்சியத்துல நெல்லு நிறைஞ்சிருக்கு. கிணத்துல தண்ணி நாளைக்கு வந்துரும். போயிட்டு வாங்க. அதோடு, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பட் பட்டென்று ஒரு சத்தம். அது என்ன என்று ஒலிப்பதிவுக்காரர் மைக்கைக் கழற்றிப் பார்த்தார். மைக்கில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் நாக்கு அப்படிப் பழகியது. எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மலையேத்து என்பார்கள். அரிசிப் பானை காலியானால் நிறைஞ்சிருக்கு என்பாள் என் மனைவி, நான் கடைக்குப் போய் வாங்கி வர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். வாசல் தாண்டுகிறவரைப் போ என்று சொன்னால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கடையில் இதற்கு மேல். வாடிக்கையாளர் கேட்ட நிறம் இல்லையென்றால் இல்லை என்ற சொல் வாயில் வரக் கூடாது. இதே சாயலில் இன்னொன்று இருக்கும்மா, பாருங்க என்று புடவையைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வந்துடும் என்று சொல்ல வேண்டும். இத்தனை காலம் இப்படியே புரண்ட நாக்கைப் பிடித்து, நெல் இல்லை, நீர் இல்லை, போ என்று சொல்லச் சொன்னால் அது எங்கே சொல்லும்?

மறுபடி எடுத்தோம். எழுதியதை அப்படியே பார்த்துப் படித்தேன். அணைக்கிறேன் என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. இன்னொரு தடவை. உங்கள் விளக்கை அமர்த்துகிறேன் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு பேசச் சொன்னார்கள். கட்டிக்கொண்டேன். கன்னத்துக்குப் பதில் வாய் சிவசிவா என்றது.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். "மாமா, உங்களுக்கு யார் மேலயாவது கோபம் இருக்கா?"

யோசித்தேன். அப்படிப் பெரிதாக யார் மேலும் இல்லை.

"கோயில்ல வரிசையை உடைச்சுட்டு முன்னாடி ஓடுவாங்களே."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். சாமி தரிசனத்துக்கு வந்துவிட்டு, கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆட்களின் முகமெல்லாம் கண் முன்னால் வந்தது. அடுத்த தடவை நான் பேசியபோது கண்ணாடி அதிர்ந்தது. வார்த்தைகள் என்னவோ அதே மரியாதை வார்த்தைகள்தான். வாங்க. விளக்கை மலையேத்துதேன். போயிட்டு வாங்க. ஆனால் டிரம்ஸ்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

முதலில் பேசியது பாடுகிறவர். அவருக்கு வேலை பெருங்குடியில் ஏதோ கம்பெனியில். "இதை மாத்தவே கூடாது," என்றார். "எங்க ஆபீஸ்ல ஹெச்.ஆர். இப்படித்தான் பேசுவாங்க. உட்காருங்க, காபி சாப்பிடுங்கன்னு சொன்னாலே எல்லாருக்கும் கை நடுங்கும். அன்னைக்கு ஒருத்தருக்கு வேலை போகப் போகுதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. அசுரன் மரியாதைக்காரன். கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தத்தையும் எடுக்கவில்லை. அதைப் பெரிதாக்கிக் கோட்டைக் கதவைத் தட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, இளநீர் கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை கேட்டதைக் கொடுத்துவிட்டோம், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது என்று பஸ் ஏறினேன்.

நான் சிரித்ததை டிரம்ஸ்காரர் போனில் படம் பிடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஆசையாக இணையத்தில் போட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அது எங்கள் கோயில் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. போட்டவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கூடவே ஒரு கும்பிடு படமும் போட்டு, சஷ்டி விரதத்தில் நம் அண்ணாச்சி என்று எழுதியிருந்தார். விபூதியும் காப்புமாக நான் வாயைப் பிளந்து கர்ஜிக்கிறேன். பின்னால் யாரோ சூப்பர் நைனா என்கிறார்கள். குழுவில் அத்தனை பேரும் பார்த்ததற்கு அடையாளம் விழுந்திருந்தது, ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் கோயில் செயலாளர் எழுதினார். நாளைக் காலை ஆபீசுக்கு வரவும்.

செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மார்கழி வந்தால் கச்சேரி கச்சேரியாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, பாடுகிறவர் தாளம் நழுவினால் தலையைத் திருப்பிக்கொள்கிறவர். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. அன்று இரவு பாலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவிகூடக் கேலி செய்யவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

காலையில் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஏற்கெனவே அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பகவான் நாமத்தைச் சொல்ற மைக்கு ஓய் அது," என்றார் செயலாளர். "காப்பைக் கட்டிண்டு நீர் இந்தக் காரியம் பண்ணலாமா? நாளன்னிக்கு சம்ஹாரம். இந்தத் தொண்டையை நான் எப்படி ஸ்வாமி முன்னாடி நிறுத்தறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை கேட்டது, சாமி முன்னால் ஒப்புக்கொண்டது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, அப்படி என்னதான் பண்ணியிருக்கேள், முழுக்கப் போடும் என்றார். மாப்பிள்ளை தன் பெரிய ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தார். செயலாளர் குடுமியை ஒதுக்கிவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார்.

ஆல்பம் முழுவதையும் கேட்டார். எங்கள் மூவருக்கும் ஒன்றும் கேட்காது, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நெற்றி சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் வலது கை மேஜைக்கு அடியில் போனது. நான் எட்டிப் பார்த்தேன். விரல் விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ம் என்றார். இன்னொரு இடத்தில் பயந்து நிமிர்ந்து உட்கார்ந்தார், அது என் சிரிப்பாக இருக்க வேண்டும். அர்ச்சகர் தீர்த்தம் கொண்டுவந்து நீட்டினார். கண்ணைத் திறக்காமலே வாங்கிக் குடித்தார்.

கழற்றி வைத்ததும் முதலில் மாப்பிள்ளையிடம் பேசினார். "சத்தம் ஜாஸ்தி. ஆனா அவ்வளவு வேகத்துலயும் தாளம் ஒரு இடத்துல நழுவலை. பாடற பையனைப் பால்ல மிளகு போட்டுச் சாப்பிடச் சொல்லும், இல்லேன்னா நாற்பது வயசுல தொண்டை நின்னுடும்." பிறகு என்னைப் பார்த்தார். "இப்படி மரியாதையாப் பேசற அசுரனை நான் எங்கேயும் கேட்டதில்லை. அதை விடும். எனக்கு ஒரு சந்தேகம். கடைசில ஈட்டி பட்டு விழறானே, அப்புறம் அவன் என்ன ஆறான்?"

"செத்துட்டான் சார்," என்றார் மாப்பிள்ளை. "அப்புறம் கிதார் வரும்."

"கிதார் வரட்டும். அவன் எங்கே போறான்?"

மாப்பிள்ளை போனை எடுத்துக் கடைசிப் பாட்டின் வரிகளைத் தேடினார்.

"ஸ்வாமி கையால அடிபட்டவனை அம்போன்னு விட்டுட்டுப் போறது நம்ம வழக்கமே இல்லையே. சூரனையே எடுத்துக்கோங்கோ. மயிலாகவும் சேவலாகவும் பக்கத்துலயே வெச்சுண்டார். உங்க அசுரனுக்கு ஒரு கதி வேண்டாமா? அதைப் பண்ணிண்டு வாங்கோ. அப்புறம் மைக்கைப் பத்திப் பேசலாம்." ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்து, "நீரும் எதுக்கும் தயாரா இரும்," என்றார். ஏஜெண்ட் அங்கேயே தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். கடைசிப் பாட்டுதான் ஆல்பத்திலேயே நீளமானது, எல்லாவற்றையும் கட்டி முடித்தாகிவிட்டது, ஒலிப்பதிவுக்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்காக அவர் அதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வரிசையாகப் போன் போட்டார். கிதாருக்கு முன்னால் எல்லாச் சத்தமும் அடங்கி, கீபோர்டு மட்டும் மெதுவாக வருகிற மாதிரி ஓர் இடம் உண்டாக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். "அதுவும் நம்ம ஸ்டைல்தான் மாமா," என்றார். "புயலுக்கு நடுவுல ஒரு நிமிஷம் அமைதி. அப்பத்தான் திரும்பி வரும்போது இடி மாதிரி இருக்கும்."

அன்று சாயங்காலமே மறுபடி அடையாறு. இந்தத் தடவை என் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். சேனையின் ‘ஓ’வில் பெண் குரல் இல்லையே என்று மகள் சொல்ல, இரண்டு பேரையும் உள்ளே நிறுத்திவிட்டார்கள். என் மனைவி வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பாடினாள். தலைப்பை எடுங்கம்மா என்று ஒலிப்பதிவுக்காரர் கெஞ்சி எடுக்க வைத்தார்.

பிறகு நான். அசுரன் என்ன கேட்பான் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"எழுத நேரமில்ல மாமா. நீங்களே கேளுங்க."

கீபோர்டு மெதுவாக வந்தது. அதன் அடியில் என் மனைவியும் மகளும் ‘ஓ’ என்கிறார்கள், யாரோ வாசலில் தாலாட்டுகிற மாதிரி. விழுந்து கிடக்கிறவன் என்ன கேட்பான் என்று யோசித்தேன். கோட்டை போயிற்று. சேனை போயிற்று. அவனிடம் மிச்சம் இருப்பது அந்தப் பெரிய தொண்டை ஒன்றுதான். எனக்கு நாளன்றைக்குச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. தெரு நிறைய ஜனம், மைக் வேறு ஒருவர் கையில், கூட்டத்தில் ஓர் ஓரமாக நான்.

"எனக்கு ராஜ்ஜியம் வேண்டாம் சாமி," என்றேன். "உன் வாசல்ல ஒரு ஓரம் கொடு. வாரவங்களை வாங்கன்னு சொல்லிக்கிட்டு நிக்கேன். உன் பேரைச் சத்தமாச் சொல்லுத வேலையை மட்டும் என்கிட்டேயிருந்து எடுத்துராத. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பழக்கத்தில் வாய் தானாகவே, வரிசையா வாங்க, எல்லாருக்கும் உண்டு என்று சேர்த்துச் சொல்லிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதையும் வெட்டவில்லை. அது முடிகிற இடத்தில்தான் இரண்டு காலும் இரட்டைக் கிதாரும் ஒரு படி ஏறிய சுருதியில் திரும்ப வந்து விழுகின்றன. கையோடு அசுரச் சிரிப்பையும் இன்னொரு தடவை நன்றாக எடுத்துவிடலாம் என்றார்கள். மனசு லேசானதால் நானும் ஒன்றுக்கு நாலாகச் சிரித்துக் கொடுத்தேன்.

சம்ஹாரத்தன்று காலையில் செயலாளர் அந்த இடத்தை மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைத் தலையில் வைத்தபடியே சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நாலு மணிக்கு வந்துடும் ஓய்," என்றார். அவ்வளவுதான். ஏஜெண்ட் எழுந்து ஸ்டூலை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கோயிலுக்குள் ஓடிப் போய் முருகா என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. விரத வயிறு, முந்தாநாள் நாலு அசுரச் சிரிப்பு, தொண்டை கட்டியிருக்கிறது; பேச்சைக் குறைத்திருந்ததால் அதுவரை தெரியவில்லை. சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தாள் மனைவி. நாலு மணிக்கு மைக்கைப் பிடித்தபோது குரல் வந்தது, ஆனால் வந்தது என் குரல் இல்லை. கடலுக்கு அடியிலிருந்து வருகிற அந்தக் கரகரப்பு. பக்தர்கள் வரிசையாக வாங்க என்றேன். முன்னால் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குழந்தைகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டன. கூட்டம் கயிறு கட்டின மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் தெரு பளிச்சென்று தெரிந்தது. கடைசி வரை ஒருவர் ஒருவரை இடிக்கவில்லை. பெருமான் வேல் எடுக்கிறார் என்று நான் சொன்னபோது சூரனைத் தூக்கி வந்தவர்களே ஓரடி பின்வாங்கினார்கள்.

எல்லாம் முடிந்து, பிரசாதம் வாங்க வந்தவர்களும் அதே ஒழுங்கில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் செயலாளர் என் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த வருஷமும் ரெண்டு நாள் முன்னாடி உம்ம மாப்பிள்ளை ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வாரும்," என்றார்.